கதவைத் தட்டிவிட்டுச் சுரண்டுகிறவன்

பெயிண்டர் என்றால் ஏணியைச் சாத்த வேண்டும், தார்ப்பாயை விரிக்க வேண்டும், வேலையை ஆரம்பிக்க வேண்டும். என் தங்கை வீட்டுக்காரன் அந்த ரகமில்லை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஏணியைக் கீழே படிக்கட்டோரம் சாத்திவிட்டு, ஒவ்வொரு மாடியாக ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டுவான். திறந்தவர்களிடம் ஒரே கேள்விதான்.

"வீட்ல உடம்பு சரியில்லாதவங்க யாராவது இருக்காங்களா? பெரிய வைத்தியம் ஏதாவது நடந்துக்கிட்டு இருக்கா? நாங்க சுவர் சுரண்டப் போறோம், அதான் கேக்கறேன்."

சிலர் பதில் சொல்லாமலே கதவைச் சாத்திவிடுவார்கள். சிலர் ஏதோ விற்க வந்தவன் என்று கையை ஆட்டுவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் தன் முழங்கால் வலியில் ஆரம்பித்து, வாயு, மலச்சிக்கல், மருமகன் என்று முக்கால் மணி நேரம் அவனை நிற்க வைத்துவிட்டார். இவனும் கடைசி வரைக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினான். காண்ட்ராக்டர் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார். "யோவ், நீ பெயிண்ட் அடிக்க வந்தியா, ஜனத்தொகை எடுக்க வந்தியா?"

இவன் பதில் பேச மாட்டான். கல்லுளிமங்கன். ஒரு தடவை கூட ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். நானும் சொன்னதில்லை. ஆனால் நான் சொல்லாததற்குக் காரணம் வேறு. அதற்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். பையில் எப்போதும் தரை சமமா என்று பார்க்கிற ரசமட்டம் இருக்கும். அதனால் என் பெயரே ரசமட்டம் ஆகிவிட்டது. மட்டம் எல்லாம் கையில்தான், வாயில் கிடையாது என்று சேர்த்துச் சொல்வார்கள். என் வாய் அப்படி. இவனுக்கு வைத்த பெயர் உப்புத்தாள். இருபது வருஷம் சுவரைத் தேய்த்துத் தேய்த்து இவன் உள்ளங்கையே உப்புத்தாள் ஆகிவிட்டது. கை குலுக்கினால் சுரீர் என்று இருக்கும். மற்றபடி ஆள் வழுவழு. யாரோடும் உரசலுக்குப் போக மாட்டான்.

எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவன்தான். நான்கு நாள் வேலையைப் பதினோரு நாள் செய்தான். ஐந்தாவது நாளே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் தங்கை டைலர் கடையில் வேலை செய்கிறவள், அந்தப் பதினோரு நாளும் அவளுக்குத் தலைவலி வந்து லீவு எடுத்தாள். விஷயம் வெளியே வந்தபோது நான் தாம்தூம் என்று குதித்தேன். தங்கை ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்தாள். "அண்ணே, நீ கத்தி முடிச்சிட்டியா? அப்போ நாளைக்கு அவங்க வீட்ல போய்ப் பேசிட்டு வா." போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு நாலு வயதிருக்கும், அவள் அப்பன் குளியலறைக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். இவள் பின்னால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "இங்க விட்டுட்டீங்க" என்று விரலை நீட்டினாள். குனிந்து பார்த்தால் உண்மையாகவே ஒரு விரல் அகலம் விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு இவன் சிரித்த சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அப்போது வைத்த பெயர்தான் மேஸ்திரி. அதற்குப் பிறகு நான் தரையில் ஒட்டுகிற டைல்ஸையும் வந்து குதிகாலால் தட்டிப் பார்ப்பாள். "மாமா, இது டொக்குனு கேக்குது. எடுத்துட்டு வேற வைங்க." எனக்குக் கோபம் வரும். எடுத்துப் பார்த்தால் அடியில் கலவை போதாமல்தான் இருக்கும்.

ஆறு வயதில் அவளுக்குக் காலெல்லாம் நீல நீலமாகக் கன்றிப்போன திட்டுகள் வந்தன. எங்கேயாவது மோதிக்கொண்டிருப்பாள் என்று நான் கேலி செய்தேன். பிறகு முகம் வெளுத்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. காய்ச்சல் வந்து வந்து போனது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பார்த்த அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தப் புற்றுநோய்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காதே அடைத்துவிட்டது. டாக்டரம்மா பேசுவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. என் தங்கைதான் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

டாக்டரம்மா நிதானமான பெண்மணி. அவசரப்படாமல் சொன்னார். "இந்த வயசுப் பிள்ளைங்க நிறையப் பேருக்கு இது குணமாகுது. அதனால நம்பிக்கையா இருங்க. ஆனா ஒண்ணு நல்லாப் புரிஞ்சுக்கணும். நாங்க குடுக்கற மருந்து கெட்ட அணுவ மட்டும் பாத்து அடிக்காது. கிருமியோட சண்டை போடற நல்ல வெள்ளை அணுவையும் சேத்து அழிச்சிடும். ஒவ்வொரு தடவை மருந்து ஏத்தின பிறகும் சில நாள், சில வாரம், அவ உடம்புல காவலே இருக்காது. நமக்குச் சாதாரணமா வந்துட்டுப் போற ஒரு கிருமி அவளுக்கு எமனாயிடும். நோய விட நான் பயப்படறது அந்த நாளுங்களத்தான்."

ஒரு தாள் கொடுத்தார். தங்கை அதைச் சமையலறைக் கதவில் ஒட்டினாள். கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். பச்சையாக எதையும் தரக் கூடாது. இருமல், சளி உள்ளவர்கள் பக்கத்தில் வரக் கூடாது. செடித் தொட்டி, மண், பூ எதுவும் அறைக்குள் கூடாது. உடம்புச் சூடு நூறு புள்ளி நாலைத் தொட்டால் அடுத்த நிமிடம் கிளம்பி வர வேண்டும், வீட்டில் காய்ச்சல் மாத்திரை கொடுத்துச் சூட்டை மறைத்துவிடக் கூடாது. கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

இவன் அந்தத் தாளை மனப்பாடம் செய்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டு கூட ஒழுங்காகச் சொன்னதில்லை என்று அவனே சொல்வான், இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குளித்து, வேலைத்துணியை வெளியிலேயே வாளியில் போட்டு, மாற்றுத்துணி உடுத்திக்கொண்டுதான் வாசல்படி ஏறுவான். தங்கை சாயங்காலமானால் வாளியையும் சோப்பையும் துண்டையும் எடுத்து வெளியே வைத்துவிடுவாள். அவளே தைத்த முகமூடிகள் ஒரு கயிறு நிறையக் காயும்.

குளித்து முடித்த பிறகு கை கழுவுகிற சடங்கு தனி. அதற்கு மேற்பார்வை யார்? மேஸ்திரிதான். மொட்டைத் தலையில் தொப்பி, மூக்குக்கு முகமூடி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொள்வாள். இவன் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே ஒன்றிலிருந்து இருபது வரை உரக்க எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் கையை ஜன்னலுக்கு நேராக நீட்டிக் காட்ட வேண்டும்.

"நகத்துல வெள்ளையா இருக்கு."

"அது பெயிண்ட்டுடா கண்ணு, போகாது."

"ஃபெயில். மறுபடி."

மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். எனக்கும் இதே சட்டம்தான். பத்துக்கு எட்டுத் தடவை ஃபெயில் போடுவாள். பாஸ் என்று சொல்லிவிட்டால் இவன் ஏதோ மெடல் வாங்கின மாதிரி உள்ளே வருவான்.

முதல் மாதம் முடிந்து எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட அணு கண்ணில் படவில்லை என்றார்கள். ஆனாலும் மருந்தை நிறுத்த முடியாது, ஒளிந்திருப்பதையும் அழிக்க இன்னும் பல கட்டம் போக வேண்டும் என்றார்கள். நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளைப் பார்த்தோம். நான்காம் மாதத்தில் ஒரு மத்தியானம் அவளுக்குச் சூடு நூறு புள்ளி ஐந்து. தங்கை போன் செய்த ஐந்தாவது நிமிடம் இவன் மணல் லாரிக்காரனைக் கையெடுத்துக் கும்பிட்டு ஏறி வந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஏறிவிட்டது. ஆறு நாளில் சிரித்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா இவனைத் தட்டிக்கொடுத்து, "எல்லா அப்பா அம்மாவும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலை பாதி" என்றார். அதை வாரக்கணக்கில் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்ட மனிதன்தான்.

ஏழாம் மாதம் ஒரு கடுமையான கட்டம் வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், இரண்டு மூன்று வாரம் அப்படியே கிடக்கும், ரொம்ப ஜாக்கிரதை என்று சொல்லியிருந்தார்கள். தங்கை மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாங்கள் இருவரும் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அப்போது மேஸ்திரியின் கட்டிலை நகர்த்தினேன்.

கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. குழாய் எங்கேயோ கசிந்து, பெயிண்ட்டுக்கு அடியில் பூசிய பட்டி உப்பி, அதன் மேல் கறுப்புக் கறுப்பாகப் பூத்துக் கிடந்தது. ஒரு முழம் உயரம்.

என் நாக்கில் சனி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன். "ஏன் மாப்ள, ஊர்ல இருக்கறவன் சுவரெல்லாம் கண்ணாடியாட்டம் வெக்கிற. உன் பிள்ள தலைமாட்டுல கருப்புப் பிடிச்சுக் கெடக்கு. அந்தம்மா சுத்தம் சுத்தம்னு தலைபாடா அடிச்சுக்கறாங்க. இது தெரியலையா உனக்கு? நீயெல்லாம் ஒரு பெயிண்டரு."

அவன் முகம் செத்துவிட்டது. போய்ச் சுரண்டியை எடுத்துவந்தான்.

எங்களுக்குக் கட்டட வேலை என்றால் கம்பி, ஜல்லி, கலவை மெஷின், இடிக்கிற சத்தம். அங்கே மேஸ்திரியைக் கூட்டிப்போகவே இல்லை. அவளைத் தேடி வேலையிடத்தின் தூசி வரக் கூடாதென்று இவன் வாசலிலேயே தோல் உரியக் குளித்தான். சொந்த வீட்டில், ஒரு சுவரை, பெற்ற பிள்ளைக்காகச் சுரண்டி வெள்ளையடிப்பது கட்டட வேலை என்று எங்கள் இரண்டு மரமண்டைக்கும் தோன்றவே இல்லை. அது துடைப்பதில் சேர்த்தி. பெருக்குவதில் சேர்த்தி. நாங்கள் சுத்தம்தான் செய்துகொண்டிருந்தோம்.

ஓதச் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். இவன் எப்போதும் அப்படித்தான் செய்வான். ஆனால் நனைத்தால் காய நான்கைந்து நாள் ஆகும், ஈரத்தின் மேல் பட்டி நிற்காது. மேஸ்திரி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள் என்று தகவல் வந்துவிட்டது. கையில் மூன்று நாள்தான். கசிவை அடைத்தோம். காய்ந்த சுவரை அப்படியே சுரண்டினோம். மெத்தையை வெளியே எடுக்கச் சோம்பல்பட்டுத் துணி போட்டு மூடினேன். அதையும் செய்தவன் நான்தான். அறை முழுக்கப் புகை மாதிரி தூசி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. என் புருவம் எல்லாம் வெள்ளை. "மாமா கிழவனாயிட்டாரு" என்று வந்ததும் அவளுக்குக் காட்டப் போட்டோ கூட எடுத்தான்.

பிறகு மூன்று தடவை கிருமிநாசினி போட்டுத் துடைத்தோம். மின்விசிறி இறக்கை, அலமாரி மேல்பக்கம், ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாக. அவள் கேட்டிருந்த இளம்பச்சை நிறத்தை வாசனை வராத பெயிண்ட்டாகப் பார்த்து வாங்கி அடித்தான். தலைமாட்டுப் பக்கம் மட்டும், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு முழ அகலத்துக்கு அடிக்காமல் வெள்ளையாக விட்டான். "இது மேஸ்திரிக்கு. அணு ஏறினதும் அவளே அடிக்கட்டும்" என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தாள். வாசலில் நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நான்கு சுவரையும் பார்த்தாள். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "பாஸ்" என்றாள். அப்புறம், "அந்த வெள்ளை ஏன் விட்டீங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தினமும் அதைத் தொட்டுப் பார்த்துப் படுத்தாள்.

ஒன்பதாம் நாள் இருமல். பதினோராம் நாள் காய்ச்சல். வழக்கம்போல ஓடினோம், வழக்கம்போல ஊசி ஏறியது. இந்தத் தடவை இறங்கவில்லை. நான்கு நாள் ஆகியும் சூடு அதே இடத்தில். மார்பை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தோடு வந்து அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நுரையீரலில் பூஞ்சை இறங்கியிருக்கிறது என்றார். சாதாரணக் கிருமி மருந்து இதற்குக் கேட்காது, வேறு மருந்து தொடங்குகிறோம் என்றார். பிறகு வழக்கமான குரலில் கேட்டார். "வீட்லயோ பக்கத்துலயோ ஏதாவது இடிக்கறது, சுரண்டறது, பழைய சுவரு வேலை நடந்துச்சா?"

நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். படுத்திருந்தவள்தான் முகமூடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பெருமையாகச் சொன்னாள். "எங்கப்பா எனக்காக ரூம் சுவரெல்லாம் சுரண்டிப் புதுசாக்கினாங்க. சூப்பரா இருக்கும். நீங்க வந்து பாருங்க டாக்டர்."

டாக்டரம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "கண்டிப்பா வர்றேன்" என்றார். எங்களை வெளியே கூட்டிப்போனார்.

"இந்தப் பூஞ்சையோட விதை கண்ணுக்குத் தெரியாது. காத்துல எங்கயும் இருக்கும். நீங்களும் நானும் தினமும் சுவாசிக்கறோம், நம்மள ஒண்ணும் பண்ணாது. ஓதச் சுவரச் சுரண்டினா மொத்தமாக் கிளம்பும். தொடச்சாலும் மூலை முடுக்குல தங்கும். ஆனா அதனாலதான் வந்துச்சுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. அந்தக் கறுப்ப அப்படியே விட்டிருந்தாலும் ஆபத்துதான். யாரையும் குத்தம் சொல்லாதீங்க. நான்தான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்."

உப்புத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான்தான் டாக்டர். எல்லாம் என் யோசனை. மச்சான் வேண்டாம்னுதான் சொன்னாரு."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சொன்னது என்னவென்று மேலே எழுதியிருக்கிறேன். என் தங்கை அங்கே நின்றாள். ஊருக்கெல்லாம் நீதி பேசுகிற இந்த வாய் அப்போது திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

பத்தொன்பது நாள் போராடினாள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். மெஷின் வைப்பதற்கு முந்தின நாள் மேலே கூரையைக் காட்டி, "அப்பா, இங்க ஒழுங்காவே அடிக்கல. திட்டுத் திட்டா இருக்கு" என்றாள். "நீ எந்திரி, நாம ரெண்டு பேரும் சேந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போலாம்" என்றான். தலையாட்டினாள். ஒரு காலை, பத்து மணிக்கு, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் போய்விட்டாள்.

கடைசியாக எடுத்த பரிசோதனையில் அவள் எலும்புக்குள் ஒரு புற்றணு கூட இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கும். நோயை அவள் ஜெயித்துவிட்டாள்.

அரை வருஷம் இவன் பிரஷ்ஷைத் தொடவில்லை. பிறகு வந்தான். வந்த முதல் நாளே ஏணியைச் சாத்திவிட்டுக் கதவுகளைத் தட்ட ஆரம்பித்தான். இரண்டரை வருஷமாகத் தட்டுகிறான். உண்டு என்று யாரும் சொன்னதில்லை. போன மாதம் சொன்னார்கள்.

ஐந்து மாடிக் கட்டடம். படிக்கட்டுச் சுவர் முழுக்க ஓதம் ஏறிப் பட்டி உரிந்து தொங்கியது. நான் கீழ்த்தளத்தில் டைல்ஸ் பெயர்க்க வந்திருந்தேன், இன்னும் சுத்தியலை எடுக்கவில்லை. உப்புத்தாள் மூன்றாவது மாடியில் ஒரு கதவைத் தட்டினான். முகமூடி போட்ட ஒரு பெண் பாதிக் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தது. அந்தக் கேள்வியைக் கேட்டான். "என் பொண்ணுக்கு வைத்தியம் நடக்குதுங்க. எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் அவள். இவன் இரண்டு படி பின்னால் இறங்கி நின்றுகொண்டான். தன் சட்டையில் தூசி இருக்குமென்று. அங்கிருந்தே கேட்டான். "இப்ப எந்தக் கட்டம்மா? அணு எவ்வளவு இருக்குன்னு சொன்னாங்க?"

அந்தப் பெண் திகைத்துப்போய்ச் சொன்னாள். முந்நூறு. ஐந்நூறுக்குக் கீழே என்றால் உடம்பில் காவலே இல்லை என்று அர்த்தம்.

கீழே வந்து, விரிக்காத தார்ப்பாயைத் தூக்கித் தோளில் போட்டான். காண்ட்ராக்டர் முகம் சிவந்துவிட்டது. "என்னய்யா, பைத்தியமா உனக்கு?"

"அணு ஏறினதும் அந்தம்மா போன் பண்ணுவாங்க. அவங்க டாக்டரும் சரின்னு சொல்லணும். அப்புறமும் படிக்கட்ட ஈரத் துணி கட்டி மறைச்சு, சுவர நனைச்சுத்தான் சுரண்டுவேன். அதுவரைக்கும் இங்க ஒருத்தரும் சுவர்ல கை வெக்கக் கூடாது."

"நீ இல்லேன்னா வேற ஆள் இல்லையா?"

"வேற ஆள் வந்தா ஏணிக்குக் கீழ படுத்துக்குவேன்."

அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. காண்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார். நான் ரசமட்டத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். "அப்போ டைல்ஸுக்கும் பதினஞ்சு நாள் கழிச்சு வர்றேன்" என்றேன். அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் மேலே ஏறிப்போய் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு வந்தவர் வேலையைத் தள்ளிவைத்தார்.

உப்புத்தாள் ஈரத் துணிக்கு அளவெடுக்க அங்கேயே நின்றுவிட்டான். நான் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அந்த அறையின் கதவு திறந்திருந்தது. இளம்பச்சைச் சுவரும் அந்த ஒரு முழ வெள்ளையும் தெரிந்தன. நான் உட்காரக் கூட இல்லை.

"அம்மாடி, அந்தச் சுவர அவன் தானாச் சுரண்டல. நான்தான் குத்திக் காமிச்சேன். நீயெல்லாம் ஒரு பெயிண்டரான்னு கேட்டேன். நான் வேண்டாம்னு சொன்னேன்னு அவன் டாக்டர்கிட்ட சொன்னது பொய். அன்னிக்கே சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

மெஷின் நின்றது. திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"டாக்டரம்மா திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கலாம்னாங்கண்ணே. அணு எப்படி எறங்குதுன்னு பாத்துட்டு அனுப்பறேன்னாங்க. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமையே வாங்கிட்டு வந்தேன். ரூம் புதுசாகுதுன்னு தெரிஞ்சதும் அவளுக்கு இருப்பே கொள்ளல. அவருக்குப் போன் பண்ணி எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்கன்னேன். நனைச்சாக் காயாதுன்னு அவர் சொன்னாரு. அதெல்லாம் எனக்குத் தெரியாது, முடிங்கன்னேன்."

நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "அவர் ஒரு நாள் கூட அத எடுத்துச் சொல்லிக் காட்டினதில்ல. உன்னப் பத்தியும் சொன்னதில்ல" என்றாள்.

மூன்று வருஷம் ஒரே வீட்டுக்கு வந்து போய்க்கொண்டு, மூன்று பேரும் ஆளுக்கொரு மூட்டையை மறைத்து வைத்திருந்திருக்கிறோம். அவன் மட்டும் மூன்றையும் சுமந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. எழுந்து, வாளியையும் சோப்பையும் துண்டையும் எடுத்து வெளியே கொண்டுபோய் வைத்தாள். அவன் வருகிற நேரம். உள்ளே பாதுகாக்க யாரும் இல்லாத இந்த மூன்று வருஷமும் அதை ஒரு சாயங்காலம் கூட அவள் மறந்ததில்லை. அவனும் குளிக்காமல் படியேறினதில்லை.

பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குளித்து முடித்தான். பிறகு கையில் சோப்புப் போட்டு எண்ண ஆரம்பித்தான். இப்போதெல்லாம் உரக்க எண்ணுவதில்லை, முணுமுணுப்புதான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. எண்ணி முடித்ததும் குழாயை மூடாமல் கொஞ்சம் நிற்பான். தினமும் நிற்பான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிறகு மூடிவிட்டு உள்ளே வருவான்.

தங்கை ஜன்னலுக்குப் போனாள். அந்த நாற்காலி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஃபெயில்," என்றாள். "மறுபடி."

வெளியே குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் அவன் குரல் கேட்டது, உரக்க. "ஒண்ணு. ரெண்டு. மூணு." ஏழுக்கு வந்தபோது குரல் உடைந்து நின்றுவிட்டது. எட்டிலிருந்து நாங்கள் இருவரும் உள்ளேயிருந்து எண்ணினோம்.